எங்கள் வீட்டில் தமிழ் படித்தவர்



நம்மை நாடி வந்த விருந்தினர் ஒருவரை, எங்கள் குடும்பத்தார் அனைவரும் அன்பு காட்டியே வாய் திறவாதபடி செய்துவிட்டோம். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். இதில் முதற் குற்றவாளி நானே என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தவன் நான். பிழை கண்டால் சும்மா இருக்க முடியாத பழக்கம் அந்தத் தொழிலோடு வந்தது. ஓய்வு பெற்றபின்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தமிழ் கற்பதற்காக வெளிநாட்டார் மதுரைக்கு வருவது புதிய செய்தியன்று. இத்தாலி நாட்டுத் துறவியான இராபர்ட் தெ நொபிலி 1606-ஆம் ஆண்டிலேயே இவ்வூருக்கு வந்து, இங்குள்ளோரைப்போல உண்டு உடுத்துத் தமிழ் பயின்றவர். நம் காலத்தில், 1961-இல் தோன்றிய அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் தமிழ் கற்பிக்கும் மையம் ஒன்றை மதுரையில் நடத்தி வருகிறது. இவ்வாறு வருவோர் பெரும்பாலும் சிறுவர்கள் அல்லர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வோர், ஆசிரியர்கள், சில வேளைகளில் தலை நரைத்தவர்கள். பகலில் வகுப்பு; மற்ற நேரத்தில் ஏதேனும் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தால் பேச்சுப் பழகும் என்பது இவர்களுடைய எண்ணம். அப்படி ஒருவர் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் வீட்டிற்கு வந்தார்.

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகின்ற ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. என் மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். பேத்தி அப்போது கல்லூரியில் முதலாண்டு. பேரன் எட்டாம் வகுப்பு. இவர்களோடு என் மனைவி, எண்பத்து நான்கு வயதான என் தாயார். வந்தவர் அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தவர். வயது நாற்பத்து மூன்று. கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிப்பவர். பழைய தமிழ் ஆவணங்களைத் தாமே படிக்க வேண்டும், ஊர்ப் பெரியவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேச வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதற்காக மனைவியையும் பதினொரு வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டு எட்டு மாதங்களுக்கு வந்திருந்தார். அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. என் தாயார் முதல் நாளிலேயே "தம்பி" என்று அழைத்துவிட்டார். அதுவே வீட்டில் அவர் பெயராயிற்று.

வெளிநாட்டவர் ஒருவர் நம் வீட்டில் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதை என் மகன் கணினி வழியாகச் செய்து முடித்தான். மாதந்தோறும் அவர் ஒரு தொகை தருவதாக ஏற்பாடு. "சோத்துக்குக் காசு வாங்குறதா?" என்று தாயார் முகம் சுளித்தார். "விருந்தும் மருந்தும் மூணு நாளுக்குத்தான் அத்தை, எட்டு மாசத்துக்கு அரிசி யார் வாங்குறது?" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு விடை சொல்ல யாராலும் முடியவில்லை.

அவருக்கு நாங்கள் செய்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. புதுக் கட்டில் வந்தது, கொசுவலை வந்தது, குழம்பில் காரம் குறைந்தது. அவர் தட்டைக் கழுவ எழுந்தால் மருமகள் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். தண்ணீர் எடுக்கச் சமையலறைப் பக்கம் திரும்பினால் மூன்று பேர் எழுந்து நிற்போம். பேரன் அவரோடு ஆங்கிலத்தில் பேசித் தன் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டான். பேத்தியின் தோழியர் வந்து ஆங்கிலத்தில் பேசிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தில் உள்ளோர், உறவினர், என் பழைய நண்பர்கள் ஆகியோர் மாலைதோறும் வந்து, "உங்கள் ஊரில் பனி பெய்யுமாமே? சம்பளம் எவ்வளவு?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்கள். ஒரே கேள்விகளுக்கு ஒரே விடைகளை அவர் நாள்தோறும் பொறுமையாகச் சொன்னார்.

நான் மட்டும் அவரோடு தமிழில் பேசினேன். அதில்தான் பெரிய தவறு நேர்ந்தது.

தமிழுக்கு எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு ஒன்று என இரண்டு உருவங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் ஒன்றைத் தாய்மடியிலும் மற்றொன்றைப் பள்ளியிலும் கற்றுக்கொள்வதால் இரண்டுக்கும் உள்ள தொலைவு நமக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து வருபவருக்கு அஃது ஏறக்குறைய இரண்டு மொழிகளைக் கற்பதாகும். வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் இதை நன்றாக உணர்ந்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் இலத்தீன் மொழியில் தமிழிலக்கணம் எழுதியபோது, செந்தமிழுக்கு ஒரு நூலும் வழக்குத் தமிழுக்கு வேறொரு நூலுமாகத் தனித்தனியே எழுதினார். எங்கள் விருந்தினருக்கும் வகுப்பில் இரண்டையும் கற்பித்தார்கள். அவர் வீட்டிற்கு வந்து, அன்று கற்ற பேச்சுத் தமிழில், "என்ன செஞ்சுக்கிட்டிருக்கீங்க?" என்று ஆவலோடு கேட்பார். நானோ, "அது கொச்சை. 'என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்பதே சரி" என்று திருத்துவேன். மறுநாள் அவர் 'செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்று தெருக்கடையில் போய்க் கேட்டால் கடைப்பையன் சிரிப்பான். கடைப்பையன் சிரித்தது அவர் உச்சரிப்பைக் கண்டு என்று எண்ணி, நான் உச்சரிப்பைத் திருத்துவேன். ல, ள, ழ மூன்றையும் வரிசையாகச் சொல்லச் சொல்வேன். ஒரு வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்துவேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது பல நாட்களில் எனக்குத் தெரியாமலே போயிற்று.

சிறு குழந்தை மொழி கற்பதற்கும் வளர்ந்தவர் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்ததில்லை. குழந்தைக்குச் சொல்லவேண்டிய செய்தி சிறிது. அதற்கு ஏற்ற சொற்களும் சிறிது. வளர்ந்தவர் நிலைமை அப்படியன்று. தம் நாட்டில் வகுப்பு நிறைந்த மாணவர் முன்னே விரிவுரை ஆற்றுகின்றவர், எங்கள் சந்து முனையில் சோப்பு வேண்டும் என்பதைச் சொல்ல இயலாமல் விரலால் சுட்டிக்கொண்டு நிற்கிறார். நகைச்சுவை அறிந்தவர், ஒரு நகைச்சுவைகூடச் சொல்ல முடியவில்லை. கோபம் வந்தால் அதையும் சொல்ல முடியவில்லை. பேசுவது குழந்தையைப்போல இருப்பதால் நாமும் அவரைக் குழந்தையாகவே நடத்தத் தொடங்கிவிடுகிறோம். சத்தமாகவும் மெதுவாகவும் பேசுகிறோம். அவர் தட்டில் அவரைக் கேளாமலே பரிமாறுகிறோம். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மற்றவர்களோடு பேசுகிறோம். இவற்றில் ஒன்றையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

அக்டோபர் மாதம் வந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு நாள் மாலை அவர் என் எதிரே வந்து நின்றார். கையில் ஒரு குறிப்பேடு. நெடுநேரம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"ஐயா, நீங்கள் அனைவரும் மிகவும் நல்லவர்கள். ஆனால் இந்த வீட்டில் எனக்குத் தமிழ் கிடைக்கவில்லை. ஆகையால் நான் வேறிடம் செல்ல விரும்புகிறேன்."

அந்த நேரத்திலும் அவ்வாக்கியங்களில் ஒரு பிழைகூட இல்லை என்பதைத்தான் என் மனம் முதலில் கவனித்தது. பிறகே பொருள் உறைத்தது. குறிப்பேட்டை விரித்துக் காட்டினார். ஒருநாள் முழுவதும் வீட்டில் தம்மிடம் பேசப்பட்ட தமிழ் வாக்கியங்களை அவர் எண்ணி எழுதியிருந்தார். மொத்தம் பதினொன்று. 'சாப்பிடுங்கள்' நான்கு முறை; 'இன்னும் கொஞ்சம்' மூன்று முறை; 'தவறு' மூன்று முறை. மீதி ஒன்று, 'ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?' என்பது. அதைக் கேட்டவர் என் தாயார். மாலைகளில் கடைவீதித் தேநீர்க் கடைப் பலகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிறர் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவதாகவும் அவர் சொன்னார். ஒரு வீடு நிறையத் தமிழர்கள் இருக்க, அவர் தமிழுக்காகத் தேநீர்க் கடைக்குப் போயிருக்கிறார்!

எனக்குச் சினம் வந்தது. அவர் மாடிக்குச் சென்றபின், "முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் வீட்டில் தமிழ் இல்லையாம்" என்று உரக்கவே சொன்னேன். "அவர் சொன்னதுல என்ன தப்பு? நீங்க அவரை வாயைத் திறக்க விட்டீங்களா?" என்றாள் மனைவி. முற்றத்தில் உட்கார்ந்திருந்த தாயார், "அந்தத் தம்பி என்னடா சொல்லுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வயித்துக்குப் போட்டீக; காதுக்கு என்னத்தடா போட்டீக?" என்றார். செவிக்கும் உணவு உண்டு என்று வள்ளுவர் சொல்லியிருப்பதை நான் எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். தாயார் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்.

தீபாவளி வரையிலாவது இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் வகுப்பு முடிந்து அவர் வந்ததும், தாயார் அவரை முற்றத்திற்கு அழைத்து உட்காரச் சொன்னார். அவர் முன்னே ஒரு முறத்தையும் ஒரு கட்டு முருங்கைக் கீரையையும் வைத்தார். "உருவு" என்று சொல்லித் தாமும் ஒரு கொத்தை எடுத்து உருவிக் காட்டினார். எங்களுக்கெல்லாம் பதைப்பாக இருந்தது. விருந்தினரைக் கீரை ஆயச் சொல்வதா? மருமகள் முறத்தை எடுக்கப் போனாள். "கையை எடு" என்று ஒரு சொல் வந்தது, அவள் அகன்றாள்.

அன்று தொடங்கிய பாடம் நாள்தோறும் தொடர்ந்தது. சமையலறையில் கைவேலைக்கு நம் மொழியில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். கீரையை உருவ வேண்டும், ஆய வேண்டும். பூண்டை உரிக்க வேண்டும். மிளகாயைக் கிள்ள வேண்டும். அவரைக்காய்க்கு நார் எடுக்க வேண்டும். தேங்காயைத் துருவ வேண்டும். பருப்பைப் புடைக்க வேண்டும், மாவைச் சலிக்க வேண்டும், மிளகை இடிக்க வேண்டும், கீரையைக் கடைய வேண்டும். காயை அரிவது வேறு. கல் போக அரிசியை அரிப்பது வேறு. கொசு கடித்த இடம் அரிப்பது இன்னும் வேறு. அரிந்தான், அரித்தான் என்னும் வேறுபாட்டை அவர் வகுப்பில் அட்டவணையாகப் படித்திருந்தார். இங்கே அரிவாள்மனையும் அரிசிக் களையும் கையாருகே இருந்தன. அதன்பின் அவர் அதில் ஒருநாளும் தவறியதில்லை. தாயாருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது என்பது பெரிய நன்மையாயிற்று. அவருக்குப் புரியவில்லை என்றால் தாயார் திரும்பச் சொல்வார், மறுபடியும் சொல்வார், இல்லையென்றால் எழுந்துபோய் அந்தப் பொருளையே எடுத்துவந்து காட்டுவார். அவர் தவறாகப் பேசினால் திருத்தவும் மாட்டார். "நான் நேத்து கோயில் போகும்" என்று அவர் சொன்னால், "நேத்துக் கோயிலுக்குப் போனியா? கூட்டமா இருந்துச்சா?" என்று கேட்பார். சரியான உருவம் அந்தக் கேள்விக்குள்ளேயே அவருக்குக் கிடைத்துவிடும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

தீபாவளிக்கு அதிரசம் செய்தபோது நிகழ்ந்ததை மறக்க முடியாது. அடுப்பில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. "பதம் வந்துருச்சான்னு பாரு" என்றார் தாயார். எங்கள் நண்பர் திகைத்தார். நன்னூலில் 'பதவியல்' என்று ஒரு பகுதி உண்டு. பதம் என்றால் சொல் என்று நானே அவருக்குக் கற்பித்திருந்தேன். பாகிலிருந்து சொல் எப்படி வரும்? தாயார் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, அதை அவர் விரலாலேயே உருட்டிப் பார்க்கச் செய்தார். முதலில் கரைந்தது. மறுமுறை இழுபட்டது. மூன்றாம் முறை மென்மையான உருண்டையாகத் திரண்டது. "இதான் பதம்" என்றார். அன்றிரவு அவர் என்னிடம் வந்து, மாணவனுக்கும் பதம் உண்டா என்று கேட்டார். தமிழில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. நான் சிரித்தேன், அதில் ஓர் உச்சரிப்புப் பிழை இருந்ததை முதன்முறையாகத் திருத்தாமல் விட்டேன்.

அவர் வேறிடம் செல்லும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நவம்பரில் ஒருநாள் அவர் கவலையோடு என்னிடம் வந்தார். "ஐயா, நான் ஏதாவது பிழை செய்துவிட்டேனா? அம்மா இப்போது என்னை 'நீ' என்கிறார்கள். முன்பு 'நீங்கள்' என்றார்கள்" என்றார். அவர் படித்த புத்தகத்தில் 'நீ' என்பது சிறியவர்க்கும் நெருங்கியவர்க்கும் உரியது என்றும், மதிப்புக்குரியவர்க்கு 'நீங்கள்' என்றும் இருந்தது. அதனால் அவர் யாரையும் 'நீங்கள்' என்றே அழைத்துவந்தார். சந்தில் படுத்திருக்கும் நாயிடமும் "நீங்கள் தள்ளுங்கள்" என்றுதான் சொல்வார். தாயார் அவரைத் தாழ்த்தவில்லை, தம் மக்களோடு சேர்த்துக்கொண்டார் என்பதை நான் விளக்கினேன். அவர் நெடுநேரம் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

'நன்றி' என்ற சொல்லால் நேர்ந்த தொல்லையும் இவ்வகைதான். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால் நன்றி. கதவைத் திறந்தால் நன்றி. சோறு பரிமாறினால் நன்றி. அவர் நாட்டில் அப்படிச் சொல்லாதிருப்பது பண்பன்று. நம் வீடுகளில் தாய்க்கு மகன் நன்றி சொன்னால் அவள் மனம் நோகும். "நான் என்ன அசலாளா?" என்று தாயார் கேட்டே விட்டார். வீட்டைவிட்டு வெளியே கிளம்பும்போது "போகிறேன்" என்று அவர் சொன்னதற்கு அதைவிடப் பெரிய கூச்சல் எழுந்தது. "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று தாயார் அவரை வாசலிலிருந்து திரும்ப அழைத்து, சொல்லவைத்து அனுப்பினார். 'நாம்', 'நாங்கள்' என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். ஓர் உறவினர் திருமணத்தில் பந்தி தொடங்கியபோது அவர் தாயாரைப் பார்த்து, "வாங்க அம்மா, நாங்கள் சாப்பிடலாம்" என்றார். "அப்ப நான் பட்டினியா கெடக்கவா?" என்று தாயார் கேட்க, பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். இரண்டு மாதத்திற்கு முன் இதே சிரிப்பு எழுந்திருந்தால் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, "ஒம் மகளுக்கு யாரு தல பின்னி விடுறா?" என்று தாயார் அவரைக் கேட்டதை நான் உள்ளிருந்து கேட்டேன். மூன்று மாதங்களாக எத்தனையோ பேர் அவரிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருந்தோம். பனி, சம்பளம், குடியரசுத் தலைவர், விமானக் கட்டணம். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முன்னே நான். இப்போ அவளே" என்றார். அப்படியானால் தினமும் அவளோடு பேசுகிறாயா, அழுகிறாளா, உன் தாயார் உடன் இருக்கிறாரா என்று தாயார் தொடர்ந்து கேட்டார். அவர் தட்டுத்தடுமாறி விடை சொன்னார். மகள் பள்ளியில் தனியாக இருப்பதாக எழுதியிருக்கிறாள் என்றும், தாம் வந்தது சரிதானா என்று சில இரவுகளில் தோன்றுகிறது என்றும் அரைகுறைச் சொற்களில் அவர் சொன்னார். அதை ஆங்கிலத்தில் என் மகனிடம் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அந்த உரையாடலில் அவர் செய்த இலக்கணப் பிழைகளை எண்ணினால் இருபதுக்குக் குறையாது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நண்பர்களே, இவற்றையெல்லாம் கண்டபின் நாங்கள் வீட்டிற்குச் சில விதிகள் செய்துகொண்டோம். மாலை ஆறு மணிக்குமேல் வீட்டில் ஆங்கிலம் இல்லை. அவர் தட்டை அவரே கழுவலாம். கடைக்கு அவரே போகலாம். தவறாக வாங்கிவந்தால் அதைத்தான் அன்று சமைக்க வேண்டும். கொத்தமல்லி கேட்டு மல்லிகைப்பூ வாங்கிவந்த நாளில் என் மனைவிக்கும் பேத்திக்கும் பூ, எல்லோருக்கும் வெறும் ரசம். அவராகக் கேட்டால் ஒழிய நான் திருத்தக்கூடாது. இந்தக் கடைசி விதியை மனைவி எனக்காகவே சேர்த்தாள்.

ஆறு மணி விதி என் பேரனுக்குத்தான் கடினமாக இருந்தது. ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவன். தமிழ்ப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதன்றி வேறறியாதவன். அவர் நாள்தோறும் செய்தித்தாளில் ஒரு பத்தியைக் கையால் சுட்டிக்கொண்டு படிப்பார். ஒருநாள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார், இவனுக்குத் தெரியவில்லை. மற்றொரு நாள் 'ழ'கரத்தை இவன் சொல்லிக்காட்ட, "தம்பி, நீயும் என்னைப்போல் 'ள' என்கிறாயே" என்று அவர் சொல்லிவிட்டார். அது இவனைச் சுட்டது. இருவரும் மாடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பத்தியாகப் படிக்கத் தொடங்கினார்கள். யார் யாருக்கு ஆசிரியர் என்று கேட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜெர்மானியரான சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் கற்பிக்க அகராதியோ தக்க பாடநூலோ கையில் இல்லை. அவ்வூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, பிள்ளைகளோடு தம் இருப்பிடத்திற்கே வந்து பள்ளி நடத்தும்படி ஏற்பாடு செய்துகொண்டு, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினார். அவர் முயற்சியால் தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்ததை நூல்கள் சொல்கின்றன. மணலில் எழுதிய அந்தச் சிறுவர்களின் பெயரை அவை சொல்லவில்லை. அவர் எழுத்தைக் கண்டு அவர்கள் சிரித்தார்களா, கைபிடித்துக் காட்டினார்களா என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

உங்களுள் பலர் நாளை ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ மேற்படிப்புக்குச் செல்லக்கூடும். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கினால், உங்களுக்காக அவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். அது மிகவும் சுகமாக இருக்கும். அப்போது எங்கள் நண்பரின் குறிப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்கத்தைப் பாராமல் சமையலறைக்குப் போய் எதையாவது உரிக்கக் கேளுங்கள். அந்த வீட்டில் கிழவி ஒருத்தி இருந்தால் நீங்கள் பேறு பெற்றவர்கள்.

2018 ஏப்ரலில் அவர் ஊர் திரும்பும் நாள் வந்தது. வாசலில் பெட்டிகளோடு வண்டி நின்றது. எல்லோரிடமும் முறையாக விடைபெற்றார். தாயார் தம் மகளுக்கென்று ஒரு கட்டு சடைநாடா வாங்கி வைத்திருந்தார், தம் மகளுக்கு என்று நான் சொன்னது எழுத்துப் பிழையன்று, தாயார் அப்படித்தான் சொன்னார்: "நம்ம பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடு." அவர் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல், "போயிட்டு வர்றேன்ம்மா" என்றார். இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுகிறார். ஆவணங்களைப் படிப்பதைப் பற்றி என்னிடம் பேசுவார். என்னால் விளக்க முடியாத சொற்களையும் கேட்பார்.

அவர் சென்ற ஆண்டே ஆகஸ்டில் அடுத்த மாணவி வந்தார். ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியை, நெடும்பயணத்தால் களைத்திருந்தார். கையிலே ஒரு தாளை வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்வதற்காக அதைப் பார்த்தபடி வாசற்படியில் நின்றார். நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் வரவேற்புச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "வாம்மா, உள்ள வா. காலை நீட்டி உக்காரு. காபி குடிக்கிறியா?" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது. வந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு குரல் வந்த பக்கம் போனார். காபி குடித்து முடித்ததும், தாயார் மெல்ல முறத்தை அவர் பக்கமாக நகர்த்தினார்.